எல்.என். துடைத்த கடுகுச் செடிகள்

லக்ஷ்மிநாராயணன் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் இருக்கிற கஷ்டமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு நாமும் நிம்மதியாக வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். மனுஷர் அதற்கும் வழி விடவில்லை.

மாயவரத்துப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு ஹைதராபாத் வந்தவர். மௌலா அலிக்குப் பக்கத்தில் இருக்கும் அணு எரிபொருள் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வும் பெற்றார். ஆலையில் அவரை எல்.என். என்பார்கள். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்டே முடிந்துவிடும் என்று கேலி. பளபளவென்று வந்து இறங்கும் உலோகக் குழாய்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறலோ ஊசிமுனைப் பொட்டோ தென்பட்டால் சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்க வேண்டும். சிவப்புச் சீட்டு என்றால் குறை இருக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். பரிசோதிக்க மெஷின்கள் வந்த பிறகும்கூட, “எல்.என். ஒரு தடவை பாத்துட்டாரா?” என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். அவர் கண் அப்படி.

அந்தக் கண்ணை ஆலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதோ! அது வீட்டுக்கும் கூடவே வந்தது. ரைத்து பஜார் காய்கறிச் சந்தையில் அவர் கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்கள் வேறு கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். பகவதி, அதாவது அவர் மனைவி, தோசையைத் தட்டில் போட்டால் அதன் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். “என்ன, உங்க ஆலைக்கு அனுப்பிச்சுப் பாஸ் பண்ணிண்டு வரணுமா? சாப்பிடுங்கோன்னா” என்பாள் பகவதி. அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு “பரவாயில்லை” என்பதுதான்.

ஒரே பெண் மாதங்கி. தார்நாகாவில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான உதவித்தொகை கிடைத்து, கடிதத்தை அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். எல்.என். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். “இனிஷியலைத் தப்பா போட்டிருக்கான் பாரு” என்று திருப்பிக் கொடுத்தார். பெண்ணின் முகம் சுண்டிப்போனதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஏன் என்று புரிந்திருக்காது. அன்று சாயங்காலமே காலனி முழுக்க நடந்து, பார்த்தவர்களிடமெல்லாம், “எம்பொண்ணு சயின்டிஸ்ட் ஆகப் போறா” என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரெல்லாம் சொன்னவர், சொல்ல வேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை.

மாதங்கியின் ஆராய்ச்சி கடுகுச் செடியைப் பற்றியது. கோஸ், கடுகு எல்லாவற்றையும் அரித்துத் தின்னும் ஒரு புழு உண்டு. அதன் தாய் ஒரு சின்ன அந்துப்பூச்சி. அது இலையில் முட்டை வைத்துவிட்டுப் போகும். இனிமேல்தான் விஷயம். முட்டை பொரித்துப் புழு வாய் வைக்கிறவரைக்கும் செடி சும்மா நின்றுகொண்டிருப்பதில்லை.

“செடிக்குத் தெரியும்ப்பா” என்று ஒருநாள் சாப்பிடும்போது உற்சாகமாக ஆரம்பித்தாள். “முட்டை வெச்ச ஒடனேயே அதுக்குத் தெரிஞ்சுடும். சில செடி முட்டைக்கு அடியில இருக்கற எடத்தை மட்டும் காயப் போட்டு, முட்டையையே உதிர்த்துடப் பாக்கும். சிலது ஒரு வாசனை விடும். அந்த வாசனைக்குக் குட்டிக் குளவி வந்து முட்டையைத் தீத்துக் கட்டும். ஒண்ணும் நடக்கலேன்னு வெச்சுக்கோ, புழு வர்றதுக்குள்ள அவசர அவசரமாப் பூத்து, தேனீயைக் கூப்ட்டு, விதை கட்டிடப் பாக்கும். தான் போனாலும் விதை நிக்கட்டும்னு. நான் அந்த அவசரத்தைத்தான் பாத்துண்டிருக்கேன். முட்டை இருக்கற செடி எவ்வளவு சீக்கிரம் பூக்கறது, இல்லாத செடி எப்போ பூக்கறதுன்னு.”

“ம்” என்றார் எல்.என். அவர் கண் தட்டின் விளிம்பில் இருந்த ஒரு சின்ன விரிசலில் இருந்தது. பெண் சொன்னதில் செடி, பூச்சி என்ற இரண்டு வார்த்தைகள்தான் அவர் காதில் ஏறின. பூச்சிக்குத் தாங்குகிற கடுகு கண்டுபிடிக்கிறாள் போலிருக்கிறது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவோடுதான் அப்புறம் எல்லாம் செய்தார்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஊரை அடைத்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டப் போகிறோம், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாதங்கியோடு கூடப் படித்த ஹர்ஷா என்ற தெலுங்குப் பையனின் காரில் கடுகுத் தொட்டிகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. முந்தின நாள்தான் அவற்றில் பாதிச் செடிகளில் பூச்சியை விட்டு முட்டை வைக்க வைத்திருந்தாள். முட்டை உள்ள தொட்டிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினாள், இல்லாதவற்றுக்கு வெள்ளை நூல். பால்கனியில் இரண்டு கொசுவலைகளைத் தனித்தனியாகக் கட்டி உள்ளே அடுக்கினாள்.

“லேப் கூண்டுல இருக்கற பூச்சியெல்லாம் செத்துப் போயிடும்மா, யார் சாப்பாடு போடுவா?” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனக்கு இனிமே இந்தத் தொட்டிதான் கதி. ஃபெலோஷிப்பும் முடியப் போறது. இது சரியா வந்துடுத்துன்னா தீசிஸை முடிச்சுடுவேன்.”

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். அந்த நாட்களில் காய்ச்சல் என்றால் வீடே எப்படி நடுங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபோனில் டாக்டர் தனி அறையில் இருக்கச் சொன்னார். பகவதி ரசம் சாதத்தைக் கதவோரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழுதாள். எல்.என்.னுக்கு அழத் தெரியாது. அறைக்கு வெளியே நின்று, “செடியை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா தூங்கு” என்றார்.

“தண்ணி மட்டும் விட்டாப் போறும்ப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தண்ணீர் மட்டும் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வலையைத் தூக்கி உள்ளே குனிந்தவரின் கண்ணில் முதலில் பட்டது சிவப்பு நூல். ஓஹோ, குறை உள்ளதையெல்லாம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள், சரிசெய்வதற்குள் படுத்துவிட்டாள் என்று நினைத்தார். அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. என்ன இருந்தாலும் என் பெண்ணல்லவா, எங்கள் ஆலையில் செய்வது மாதிரியே செய்திருக்கிறாள்! பூதக்கண்ணாடியை எடுத்துவந்து இலையைத் திருப்பினார். ரவையைவிடச் சின்னதாய், வெளிர் மஞ்சளில் முட்டைகள். வலை கட்டியும் பூச்சி புகுந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

அப்புறம் உட்கார்ந்தார் மனுஷர். ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, ஒவ்வோர் இலையாக, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று ஒரு பொட்டு விடாமல் துடைத்தார். ஓர் இலை கிழியவில்லை, ஒரு காம்பு ஒடியவில்லை.

“ஏன்னா, தண்ணி மட்டும்னுதானே சொன்னா? எதுக்கு அதைப் போய் நோண்டிண்டிருக்கேள்?” என்று பகவதி கேட்டாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. கொழந்தை எழுந்து வந்து பாக்கட்டும், அசந்து போயிடுவா” என்றார்.

காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான். இறங்கிவிட்டது. மாதங்கி வெளியே வந்து, காப்பியைக்கூடக் குடிக்காமல் நேராகப் பால்கனிக்குப் போனாள். எல்.என். கூடவே போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒருவரிடம் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

“பாரு, நன்னா பாரு” என்றார். “ஒரு இலையில ஒரு பொட்டு இருந்தா எங்கிட்ட சொல்லு.”

அவள் ஓர் இலையைத் திருப்பினாள். இன்னோர் இலை. அடுத்த தொட்டி. லென்ஸை எடுத்துவந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“அப்பா, முட்டை எங்க?”

“எடுத்தாச்சு! ஒண்ணு விடாம எடுத்தாச்சு.”

மாதங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று பகவதி பயந்துபோய் ஓடி வந்தாள். அவள் கத்தவில்லை. “அந்த முட்டைதாம்ப்பா என்னோட தீசிஸ்” என்று மெதுவாகச் சொன்னாள். “நாந்தான் வெக்க வெச்சேன். உங்கிட்ட சொன்னேனே. உக்காந்து, சாப்பிடறச்சே, அவ்வளவு சொன்னேனே.”

அவருக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. பெண் எழுந்து அறைக்குள் போகும்போது, “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுப்பா. எனக்குப் பாக்கவே பிடிக்கலை” என்றாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினாள்.

தூக்கிப் போட எல்.என்.னுக்கு மனசு வரவில்லை. தொட்டிகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் டேங்குக்குப் பின்னால், சிவப்பு நூல் ஒரு பக்கம், வெள்ளை நூல் ஒரு பக்கம் என்று பழையபடியே அடுக்கினார். வரிசை கலைந்தால் அவருக்குப் பொறுக்காது. தினம் காலையில் நடக்கப் போகிறேன் என்று மாடிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் தண்ணீர் விட்டார். ஏன் விட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பெண்ணிடம் கேட்க முடியாத மன்னிப்பைச் செடிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

ஒருநாள் காலை மாடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்பு நூல் கட்டிய செடிகள் பூத்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே. மஞ்சள் மஞ்சளாய்ப் பூ, அதைச் சுற்றி எங்கிருந்தோ சின்னத் தேனீக்கள். பக்கத்திலேயே வெள்ளை நூல் செடிகள் வெறும் இலையாக நின்றன. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில்.

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? ‘நான் துடைத்ததெல்லாம் பூத்திருக்கிறது. துடைக்காதது நிற்கிறது. அப்படியென்றால் நான் செய்தது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை!’ அடக் கடவுளே. இதைப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்று தடதடவென்று படியிறங்கினார். ஹாலில் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “என்னப்பா?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் போய்விட்டது. “ஒண்ணுமில்லை” என்றார்.

சமையலறையில் பகவதியிடம் கிசுகிசுத்தார். “போறும்னா” என்றாள் அவள். “இப்பதான் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சிருக்கா. உங்க பெருமையைக் கொண்டுபோய் அங்க வெக்காதேங்கோ.”

ஆயுசு முழுக்க எந்தக் குறையையும் சொல்லாமல் விட்டதில்லை அவர். உப்புக் கம்மி, பட்டன் இடம் தப்பு, காலண்டர் கோணல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லித் தள்ளியவர், சொல்லியே ஆக வேண்டிய அந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டார். சித்திரை வெயிலில் செடிகள் காய்ந்ததும் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

ஆராய்ச்சிக்கூடம் திறந்தபோது உதவித்தொகை முடிந்துவிட்டது. காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருந்தால் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்றார் அவளுடைய வழிகாட்டி. அவள் கையில் ஒன்றும் இல்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு போனவள், நாலு வருஷம் கழித்தும் போய்க்கொண்டிருந்தாள். மாத்திரையில் கீறல் இருக்கிறதா, பொட்டு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். பிறகு? எல்.என். பெண்ணல்லவா.

அப்பாவிடம் பேசாமல் இருந்தாளா என்றால், அதுதான் இல்லை. பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று கேட்பாள், வரும் வழியில் சப்போட்டா வாங்கி வருவாள். கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் செய்யலாம். சிரித்துக்கொண்டே இருப்பவளை என்ன செய்வது? அவருக்கு ஒவ்வொரு நாளும் அதுதான் தண்டனையாக இருந்தது. செடியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவே இல்லை.

சென்ற வருஷம் ஹர்ஷா வீட்டுக்கு வந்தான். புது வீடு கட்டியிருக்கிறான், கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்தான். இப்போது டாக்டர் ஹர்ஷா. மாதங்கி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. காப்பி கொடுத்துவிட்டு எல்.என். பேச்சுக்காக, “அந்தக் கடுகு ஆராய்ச்சியெல்லாம் இப்ப யார் பண்றா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

யாரோ ஒரு புதுப் பெண் எடுத்துச் செய்வதாகச் சொன்னான் ஹர்ஷா. தெலுங்கும் இங்கிலீஷுமாகக் கலந்து சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனான். முட்டை கடைசிவரை இருக்க வேண்டும் என்றே இல்லையாம் அங்கிள், கொஞ்ச நேரம் இலையில் ஒட்டியிருந்தாலே போதுமாம். அப்புறம் அதைத் துடைத்து எடுத்துவிட்டாலும் செடி அதை மறப்பதில்லையாம். எடுத்த பிறகும் அவசரமாகப் பூக்கிறதாம். எங்கள் கூடத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை என்றான். “மாதங்கி அன்று இதைப் பார்த்திருந்தால் இது அவளுடையதாக இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று காப்பியைப் பார்த்தான்.

எல்.என். கிரகப்பிரவேசப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல அதில் எழுத்துப் பிழை தேடவில்லை. ஹர்ஷா போன பிறகும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்த மஞ்சள் பூ கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்குப் பீற்றிக்கொள்வதற்காகவாவது வாயைத் திறந்திருக்கலாமே! ‘நான் துடைத்ததுதான் பூத்தது’ என்று முட்டாள்தனமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். துடைத்தது தெரியாமல் செய்தது. சொல்லாமல் இருந்தது தெரிந்தே செய்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மாதங்கி வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை.

“மாது, அந்தச் செடியை நான் தூக்கிப் போடலை” என்றார். “மாடியில டேங்குக்குப் பின்னால வெச்சிருந்தேன். அது...”

“தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“பூத்தது தெரியும்.” அவள் செருப்பைக் கழற்றினாள். “துணி எடுக்கப் போனேன். மஞ்சளா தெரிஞ்சுது. கிட்டப் போய்ப் பாத்தேன். சிவப்பு நூல் எல்லாம் பூ, வெள்ளை நூல் எல்லாம் இலை. பாத்த ஒடனேயே எனக்கு என்னன்னு புரிஞ்சுடுத்து.”

“புரிஞ்சுதா? அப்பறம் ஏம்மா?”

“ஃபோன் கையிலதான் இருந்தது. ஒரு ஃபோட்டோ எடுத்து கைடு சாருக்கு அனுப்பியிருந்தா டைம் வாங்கிக் குடுத்திருப்பார். நான் எடுக்கலை.” அவள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். “எடுத்தா, நீ பண்ணது நல்லதா முடிஞ்சுடும். எனக்கு அப்போ அது வேண்டியிருக்கலைப்பா. நீ என்னைக் கெடுத்துட்டேங்கறதுதான் வேண்டியிருந்தது. சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட தப்பு மட்டும்தானே பாத்தே, ஒரு தடவை உன் தப்பு தப்பாவே இருக்கட்டும்னு வந்துட்டேன். அப்பறம் தெனம் காத்துண்டிருந்தேன். நீயா வந்து, ‘மாது, செடி பூத்திருக்கு’ன்னு சொல்லுவேன்னு. சொல்லியிருந்தா உன்னோட நன்னா சண்டை போட்டுட்டு மாடிக்கு ஓடியிருப்பேன். ஒருநாள் போய்ப் பாத்தேன். தொட்டியெல்லாம் காலியா இருந்தது.”

சமையலறை வாசலில் பகவதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முழுத் தப்பும் தன்னுடையது என்று நினைத்து வெந்துகொண்டிருந்ததில்கூட எல்.என்.னுக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்திருக்கிறது. பெண் பாவம், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்ற நிம்மதி. இப்போது அதுவும் போயிற்று. இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அவளும் இதே வேதனையைத் தனியாகப் பட்டிருக்கிறாள்.

“இல்லைம்மா” என்றார். “எல்லாம் என்னோடதாவே இருக்கட்டும். உன்னோடதுன்னு சொல்லாதே. நீ ஒரு தப்பும் பண்ணலை.”

இருபது வருஷம் முன்னால் அந்த வார்த்தை வந்திருக்க வேண்டும். மாதங்கி அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“நக்கோப்பா” என்றாள் அழுதுகொண்டே. “வேண்டாம், இப்ப சொல்லாதே.”